கல்லூரி வீரர்களின் விளம்பர ஒப்பந்தம், கல்லூரி மாறும் உரிமை: உள்ளபடி எப்படி நடக்கிறது?

வாலிபால்அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் இங்கே வட கரோலினாவில் ஒரு டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வாலிபால், லிபரோ, அதாவது பின்வரிசையில் தடுத்தாடறவ. இப்போ அவள் கையில் ரெண்டு காகிதம். ஒண்ணு, நம்ம ஊர்க்காரர் மளிகைக்கடை கொடுத்தது: வருஷத்துக்கு 1,000 டாலர், மாசம் ஒரு இன்ஸ்டாகிராம் ரீல், தீபாவளி சமயத்தில் கடைக்கு வந்து வாடிக்கையாளர்களோட போட்டோ. இன்னொண்ணு, கல்லூரியே நீட்டின வருமானப் பங்கு ஒப்பந்தம். தொகை சின்னது, பக்கம் பதினொண்ணு. நடுவுல இவளுக்கு அடுத்த வருஷம் வேற கல்லூரிக்கு மாறலாமான்னு ஒரு யோசனை. இணையத்தில் தேடினா எல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால் கோடீஸ்வரப் பசங்க கதையாவே வருது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

கொலம்பஸ்காரன்:
ஃபுட்பால் கதை வேண்டாம்னா எப்படி சார்? இந்தச் சட்டம் பூரா ஃபுட்பால், பேஸ்கட்பால் வழக்குகள்லேர்ந்துதான் பிறந்திருக்கு. வேகமா சொல்லிடறேன்.

2021 ஜூலை 1க்கு முன்னால, தன் பேரை வச்சு ஒரு டாலர் வாங்கினாலும், கல்லூரி விளையாட்டை நடத்தற என்சிஏஏ அமைப்போட விதிப்படி அந்தப் பையனுக்கு ஆடும் தகுதி போயிடும். எட் ஓபேனன்னு ஒருத்தர், 1995ல யுசிஎல்ஏ பேஸ்கட்பால் பட்டம் ஜெயிச்ச அணியில ஆடினவர். பல வருஷம் கழிச்சு ஒரு நண்பர் வீட்டு வீடியோ கேம்ல தன்னையே பார்த்தார். அதே மொட்டைத் தலை, அதே இடது கை, அதே 31ஆம் நம்பர். பேர் மட்டும் இல்லை, பணமும் இல்லை. 2009ல வழக்கு போட்டார். 2019ல கலிபோர்னியா, வீரர்கள் தன் பேரை வச்சு சம்பாதிக்கலாம்னு தனியா ஒரு சட்டம் போட்டது. 2021 ஜூன் 21 அன்னிக்கு ஆல்ஸ்டன் வழக்குல உச்ச நீதிமன்றம் 9-0னு என்சிஏஏ தலையில குட்டிச்சு. அந்த வழக்கு படிப்புச் சம்பந்தமான சலுகைகளைப் பத்தினதுதான், விளம்பரத்தைப் பத்தி இல்லை. ஆனா இனிமே எந்தத் தடையைப் போட்டாலும் கோர்ட்ல நிக்காதுன்னு புரிஞ்சு போச்சு. பத்தே நாள்ல கதவைத் திறந்துட்டாங்க. முதல் நாளே ஃபிரெஸ்னோ ஸ்டேட்டின் கேவிண்டர் இரட்டைச் சகோதரிகள் ஒரு மொபைல் கம்பெனியோட கையெழுத்துப் போட்டு டைம்ஸ் ஸ்கொயர் பலகையில வந்தாங்க.

எதிர்ப்பாட்டு:
இன்னும் பின்னால போங்க அண்ணா. 1955ல ரே டென்னிசன்னு கொலராடோவில ஒரு வீரர் ஃபுட்பால் மைதானத்தில அடிபட்டு இறந்தார். மனைவி, பணியாளர் இழப்பீடு கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தலை, அவர் பணியாளரும் இல்லைன்னு 1957ல கொலராடோ உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இந்த ஒரு பதிலை வச்சுக்கிட்டுத்தான் எழுபது வருஷம் வண்டி ஓட்டியிருக்காங்க. இன்னிக்கும் உங்க மகள் கையில இருக்கற காகிதத்தில "பணியாளர் அல்ல"ன்னு ஒரு வரி இருக்கும், பாருங்க.

வாலிபால்அப்பா:
இருக்கு. மூணாம் பக்கம்.

வக்கீல்குமாஸ்தா:
நான் வக்கீல் இல்லை. ஒப்பந்தம் வாசிப்பது பிழைப்பு, அவ்வளவுதான். உங்கள் மாநில வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் காட்டிவிடுங்கள். அதற்கு முன் அடிப்படை.

பணம் இப்போது இரண்டு வழியில் வருகிறது. ஒன்று வெளியாள் கொடுப்பது: கடை, கம்பெனி, ரசிகர்கள் சேர்ந்து நிதி திரட்டும் 'கலெக்டிவ்'. இரண்டாவது கல்லூரியே நேரடியாகக் கொடுப்பது. இந்த இரண்டாவது வழி, வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத் தீர்வுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் கொடுத்த பிறகுதான் திறந்தது. அந்த ஜூலை 1 முதல் கல்லூரிகள் கொடுக்கலாம்; முதல் வருஷமான 2025-26ல் ஒரு கல்லூரி தன் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரிய கான்பரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) கல்லூரிகளின் சராசரி விளையாட்டு வருமானத்தில் 22 சதவீதம் என்று போட்ட கணக்கு அது. இது உச்சவரம்பு மட்டும்தான். கொடுத்தே ஆகணும் என்று எந்தக் கல்லூரிக்கும் கட்டாயமில்லை. பெரும்பாலான இடங்களில் முக்கால் பங்குக்கு மேல் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பேஸ்கட்பாலுக்கும் போய்விடுகிறது. வாலிபாலுக்கு வருவது மிச்சம் மீதி. உங்கள் தொகை சின்னதாக இருக்கக் காரணம் அதுதான்.

மளிகைக்கடை விஷயம். கல்லூரி பங்கு கொடுக்கிறது என்றாலே அது ஹவுஸ் தீர்வுக்குள் வந்த கல்லூரி. அப்படியானால் வெளியாளிடமிருந்து 600 டாலர், அதற்கு மேல் எந்த ஒப்பந்தம் என்றாலும் 'என்ஐஎல் கோ' (என்ஐஎல் என்றால் தன் பெயர், படம், அடையாளத்தை வைத்துச் சம்பாதிப்பது) என்ற தளத்தில் ஐந்து வேலை நாளுக்குள் பதிய வேண்டும். டெலாய்ட் நடத்தும் தளம். கொடுப்பவர் கல்லூரிக்கு வேண்டப்பட்டவரா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கல்லூரிக்கு வாழ்நாளில் 50,000 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தவர் என்றால் துருவித் துருவிக் கேட்பார்கள்: இந்த விளம்பரத்தால் கடைக்கு உண்மையில் என்ன லாபம், தொகை சந்தை நிலவரத்துக்கு ஒத்து வருகிறதா என்று. உங்கள் கடைக்காரர் அப்படி இல்லையென்றால் பிரச்சினை வராது. பதியாமல் விட்டால்தான் மகளின் ஆட்டத் தகுதிக்கு வம்பு.

கடைக்காரரின் காகிதத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். ரீலை எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று இருக்கிறதா, "என்றென்றைக்கும்" என்று இருந்தால் ஒரு வருஷம் என்று திருத்தச் சொல்லுங்கள். கல்லூரி ஜெர்சி, லோகோ ரீலில் வரக்கூடாது. வரணும் என்றால் கல்லூரியிடம் தனி அனுமதி வேண்டும். "வேறு எந்த உணவு நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். 1,000 டாலருக்கு அவ்வளவு விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

கொலம்பஸ்காரன்:
"பதியாமல் விட்டால்"ங்கறீங்க. கலெக்டிவ்காரங்க பண்ற அட்டகாசத்துக்கு முன்னால ஒரு மளிகைக்கடை ரீல் எந்த மூலைக்கு? 2023 ஜனவரியில ஜேடன் ராஷாடாங்கற குவார்ட்டர்பேக் (ஃபுட்பால்ல பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர்) ஃபுளோரிடாவுக்குப் போகாம நின்னது எதனால? அங்கே ஒரு கலெக்டிவ் 1.385 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டுட்டு ரத்து பண்ணிடுச்சு. பையன் அரிசோனா ஸ்டேட் போய், அப்புறம் ஜார்ஜியா போய், கடைசியில ஃபுளோரிடா கோச் மேலயே வழக்கு போட்டான். 2024 செப்டம்பர்ல யுஎன்எல்விங்கற கல்லூரியோட குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, டீம் மூணு மேட்ச் ஆடி மூணும் ஜெயிச்ச நிலையில, இனிமே ஆட மாட்டேன்னு ஒதுங்கிட்டான். ஒரு லட்சம் டாலர் தர்றதா ஒரு துணை கோச் வாய்வார்த்தையா சொன்னார், வரலைன்னு அவன் தரப்பு. அப்படி எதுவும் சொல்லலைன்னு கல்லூரி. நாலு மேட்ச்சுக்குள்ள நிறுத்திக்கிட்டா அந்த வருஷம், ஆட அனுமதிக்கற வருஷங்களோட கணக்குல சேராது. அதான் மூணோட நிறுத்தினான்.

வக்கீல்குமாஸ்தா:
சரியான உதாரணம். வாய்வார்த்தைக்கு இந்த உலகத்தில் மதிப்பில்லை. கோச் தொலைபேசியில் என்ன சொன்னாலும், "சார், இதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டுவிட வேண்டும். வெட்கப்படக் கூடாது.

திநகர்டென்னிஸ்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். சென்னையில் டென்னிஸ் பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் ஆடும் ஒரு பெண்ணுக்கு அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, எஃப்-1 எனும் மாணவர் விசா. இந்தப் பணமெல்லாம் அவளுக்கும் உண்டா?

வக்கீல்குமாஸ்தா:
உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன் சார். அது வேறு சிக்கல். முதலில் வாலிபால்அப்பாவின் கல்லூரி மாறும் கேள்வியை முடித்துவிடலாம்.

2018க்கு முன்னால் கல்லூரி மாற வேண்டுமென்றால் வேறு கோச்சோடு பேசவே பழைய கல்லூரி அனுமதி தர வேண்டும். எந்தெந்தக் கல்லூரிக்குப் போகக்கூடாது என்று கோச்சே பட்டியல் போடுவார். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. மாணவி எழுத்தில் சொன்னால் இரண்டு வேலை நாளுக்குள் பெயரை ஏற்ற வேண்டும், அனுமதி என்ற பேச்சே கிடையாது. பெயர் ஏறியதும் எந்தக் கோச்சும் கூப்பிடலாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெயரை ஏற்றச் சொன்ன நிமிஷத்திலிருந்து பழைய கல்லூரி அந்தப் பருவம் முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். மனசு மாறித் திரும்பி வந்தால் இடம் இருக்கும் என்று உத்தரவாதமில்லை. "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டு எந்தக் கல்லூரியும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளைகள் எக்கச்சக்கம்.

மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பது ஃபுட்பால், பேஸ்கட்பால், பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி என்று சில ஆட்டங்களுக்குத்தான் கறாராக இருந்தது. வாலிபாலில் ஒரு முறை உட்காராமல் மாற முன்பே வழி உண்டு. 2021ல் அந்தச் சலுகை எல்லோருக்கும் வந்தது. 2023 டிசம்பரில் ஒஹையோ உள்ளிட்ட மாநிலங்கள் போட்ட வழக்கில் மேற்கு வர்ஜீனியா நீதிபதி அந்த உட்கார வைக்கும் விதிக்கே தடை போட்டார். 2024 ஏப்ரல் முதல், மதிப்பெண் ஒழுங்காக இருந்தால் எத்தனை தரம் வேண்டுமானாலும் மாறலாம். எப்போது பெயர் கொடுக்கலாம் என்பதற்கு மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் தேதி வேறுபடும். ஃபுட்பாலுக்கு 2026ல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒரு ஜன்னல், வசந்த கால ஜன்னலை எடுத்துவிட்டார்கள். வாலிபால் தேதியைக் கல்லூரி விதிமுறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாலிபால்அப்பா:
அப்போ மாறுறது சுலபம்னுதானே அர்த்தம்?

வக்கீல்குமாஸ்தா:
என்சிஏஏ விதிப்படி சுலபம். ஒப்பந்தப்படி அப்படியில்லை. இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான். விதி தடுக்காததை இப்போது ஒப்பந்தம் தடுக்கப் பார்க்கிறது. பணியாளர் என்று எழுத முடியாததால் "எங்களிடம் இவ்வளவு காலம் வேலை பார்" என்று எழுத வழியில்லை. அதனால் "உன் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த எங்களுக்கு உரிமம்" என்று எழுதிவிட்டு, பின்பக்கத்தில் வெளியேறும் ஷரத்தை வைக்கிறார்கள். எல்லா ஒப்பந்தத்தையும் பின்னாலிருந்து வாசியுங்கள்.

ஜார்ஜியாவில் டேமன் வில்சன் என்ற ஃபுட்பால் வீரர், 2024 டிசம்பரில் கலெக்டிவோடு கையெழுத்து. மாசம் 30,000 டாலராக 14 மாசம், அதோடு 40,000 வீதம் இரண்டு போனஸ், ஆக மொத்தம் ஐந்து லட்சம். ஒரு தவணை வாங்கிய கையோடு அடுத்த மாசமே மிசூரிக்குப் போய்விட்டார். மீதி 13 தவணை, அதாவது 3,90,000 டாலரை அவரே ஜார்ஜியாவுக்குக் கட்ட வேண்டும் என்று வழக்கு. நன்றாகக் கவனியுங்கள்: வாங்கியதைத் திருப்பிக் கேட்கவில்லை, வாங்காததைக் கட்டச் சொல்கிறார்கள். மண்டபம் புக் செய்துவிட்டு ரத்து செய்தால் முழு வாடகையையும் கேட்பது போல. சேதத்தொகை ஷரத்து என்று இதைச் சொல்வார்கள். உண்மையான நஷ்டத்தை நியாயமாகக் கணித்த தொகை என்றால் கோர்ட் ஏற்கும், தண்டனையாக வைத்தது என்றால் தள்ளும். வில்சன் பதிலுக்கு எதிர்வழக்கு போட்டிருக்கிறார்.

எதிர்ப்பாட்டு:
இதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பர்ல ஜிம்போ ஃபிஷர்னு ஒரு கோச்சை வீட்டுக்கு அனுப்பிச்சு. போகும்போது அவருக்குச் சேர வேண்டிய பாக்கி 7.5 கோடி டாலருக்கு மேல. 2025 நவம்பர் கடைசியில லேன் கிஃபின்ங்கற கோச், பட்டத்துக்கான பிளேஆஃப் வாசல்ல நின்ன ஓல் மிஸ் கல்லூரி டீமை விட்டுட்டு எல்எஸ்யூ கல்லூரிக்குத் தாவினார். அதுக்குப் பேரு 'தொழில் முன்னேற்றம்'. இருபது வயசுப் பையன் போனா மட்டும் துரோகமா?

கொலம்பஸ்காரன்:
கிஃபினுக்கும் வெளியேறும் தொகை உண்டு தம்பி, புதுக் கல்லூரி கட்டும். அதே மாதிரி பையனுக்கும் இருக்கட்டுமே? கையெழுத்துப் போட்டுட்டு முப்பதாம் நாள் ஓடினா டீம் எப்படிக் கட்டறது? எங்க டீம்ல செப்டம்பர்ல ஜெர்சி வாங்கினா அடுத்த ஆகஸ்ட்ல அந்த நம்பர்ல வேற ஆள் நிக்கறான். டென்னஸி குவார்ட்டர்பேக் நிக்கோ இயாமலியாவா சமாச்சாரம் பார்த்தீங்களா? 2025 ஏப்ரல்ல, அதிகப் பணம் கேட்டுப் பேச்சு நடக்குதுன்னு செய்தி வந்த மறுநாள் பயிற்சிக்கே வரலை. கோச் டீமை அவன் இல்லாமலே நடத்தறேன்னுட்டார். பையன் யுசிஎல்ஏ போயிட்டான்.

எதிர்ப்பாட்டு:
கோச்சுக்கு வெளியேறும் தொகை இருக்குன்னா பதிலுக்கு அவரைத் துரத்தினா பாக்கி முழுசும் கிடைக்கும்ங்கற ஷரத்தும் இருக்கு. பையனைத் துரத்தினா என்ன கிடைக்கும்? ரெண்டு பக்கமும் கட்டுப்படற ஒப்பந்தம் வேணும்னா உட்கார்ந்து சங்கத்தோட பேசுங்க. டார்ட்மத் ஆண்கள் பேஸ்கட்பால் அணி 2024 மார்ச்ல 13-2ன்னு ஓட்டுப் போட்டு சங்கம் வச்சாங்க. கல்லூரி பேசவே மறுத்துடுச்சு, வருஷக் கடைசியில மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. பணியாளர்னு ஒத்துக்க மாட்டாங்களாம், ஆனா பணியாளர் மாதிரிக் கட்டிப்போடணுமாம்.

வாலிபால்அப்பா:
இப்போதான் ஒன்பதாம் பக்கம் பார்த்தேன். என் மொழியில எழுதறேன்: "ஒப்பந்தக் காலம் முடியும் முன் மாணவி வேறு கல்லூரிக்குச் செல்ல எழுத்துமூலம் தெரிவித்தால், அதுவரை பெற்ற தொகை அனைத்தையும் முப்பது நாளுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும்." ரெண்டு வருஷ ஒப்பந்தம். கோச் மாறினா என்ன ஆகும்னு எங்கேயுமே இல்லை.

வக்கீல்குமாஸ்தா:
இப்படியே கையெழுத்து வேண்டாம். "தெரிவித்தால்" என்ற சொல்லிலேயே கண்ணி இருக்கிறது. போர்ட்டலில் பெயர் கொடுத்த அன்றே கடன்காரி ஆகிவிடுவாள், புதுக் கல்லூரி கிடைத்ததா இல்லையா என்பது பற்றிக் கேள்வியே இல்லை. மூன்று திருத்தம் கேளுங்கள். அதுவரை கடந்த மாசங்களுக்கான தொகை அவளுடையது, முன்பணமாக வந்தது ஏதாவது இருந்தால் அதை மட்டும் திருப்பலாம். வேறு கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் ஷரத்து உயிர்பெறும். தலைமைக் கோச் போனாலோ, ஸ்காலர்ஷிப் குறைந்தாலோ, அணியிலிருந்து நீக்கப்பட்டாலோ எதுவும் திருப்ப வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தை ஒரு வருஷமாகக் குறைக்கவும் கேட்கலாம். "எல்லாருக்கும் இதே படிவம்தான்" என்பார்கள். குவார்ட்டர்பேக்குக்கு அந்தப் படிவத்தைத் திருத்தித்தான் கொடுத்திருப்பார்கள்.

ஏஜென்ட் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இந்தத் தொகைக்கு வேண்டாம். என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால்) ஒப்பந்தத்தில் ஏஜென்ட் கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரிச் சந்தையில் அப்படி ஒரே வரம்பு கிடையாது, 20 வரை கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நீச்சல்அம்மா:
ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவ. ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். எல்லாரும் வர்ற பணத்தைப் பேசறீங்க. ஹவுஸ் தீர்வு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பை எடுத்துட்டு, அணியில எத்தனை பேர் இருக்கலாம்னு வரம்பு போட்டுச்சு. ஃபுட்பாலுக்கு 105. வாலிபாலுக்கு 18. ஸ்காலர்ஷிப் இல்லாம சொந்தச் செலவுல நீந்தின என் பையன் மாதிரிப் பிள்ளைங்க அந்த எண்ணிக்கைக்கு வெளியில போயிட்டாங்க. காலையில அஞ்சு மணிக்குத் தண்ணியில இறங்கின பிள்ளைக்கு ஒரு ஜூம் மீட்டிங்ல ஆறு நிமிஷத்தில சொல்லி முடிச்சாங்க. எந்தக் கல்லூரின்னு எழுதலை, வேண்டாம். இந்த வழக்குக்குப் பேர் கொடுத்த கிராண்ட் ஹவுஸே ஒரு நீச்சல்காரர்தான். முன்னாடி இருந்தவங்களுக்குச் சலுகை தரணும்னு நீதிபதி பிடிவாதமா நின்னு, கடைசியில அந்தப் பிள்ளைங்களை எண்ணிக்கையில சேர்க்காம எடுத்துக்கலாம்னு ஆச்சு. ஆனா எடுத்துக்கணும்னு கட்டாயமில்லை. என் பையனை எடுத்துக்கலை.

வாலிபால்அப்பா, மாறப்போற கல்லூரியில அந்த 18ல எத்தனை இடம் காலின்னு முதல்ல கேளுங்க. அதுக்கப்புறம் போர்ட்டல்.

வாலிபால்அப்பா:
நன்றிம்மா. இதை யாருமே சொல்லலை.

வரிக்கணக்கு:
ஒரே பதிவில் முடிக்கிறேன். கடைப் பணம் சுயதொழில் வருமானம். யாரும் பிடித்தம் செய்ய மாட்டார்கள். நிகர வருமானம் வருஷத்துக்கு 400 டாலரைத் தொட்டாலே 15.3 சதவீத சுயதொழில் வரி உண்டு, வருமான வரி தனி. கடையிலிருந்து படிவம் 1099 (கொடுத்த பணத்தின் விவரம்) வராவிட்டாலும் கணக்கில் காட்டணும். ரீலுக்குப் பதிலாக அரிசி மூட்டை, நெய் டின் கொடுத்தாலும் சந்தை விலைக்கு வருமானம்தான். தொகை பெரிதானால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு முன்தவணை. பெல் கிராண்ட் மாதிரித் தேவை அடிப்படை உதவி வாங்கும் குடும்பமென்றால் இந்த வருமானம் அதைக் குறைக்கலாம். ஸ்காலர்ஷிப்பில் கட்டணம், புத்தகத்துக்குப் போவதற்கு வரி இல்லை. அறை, சாப்பாட்டுக்குப் போவதற்கு உண்டு, இது பலருக்குத் தெரியாது.

திநகர்டென்னிஸ்:
என் கேள்வி பாக்கி இருக்கிறதே ஐயா.

வக்கீல்குமாஸ்தா:
மறக்கவில்லை சார். எஃப்-1 விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் நின்று விளம்பரத்துக்காக எதையாவது செய்தால், அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படும் அபாயம் உண்டு. ரீல் எடுப்பது, கையெழுத்து விழா, கடைத்திறப்பு எல்லாம் இதில் சேரும். விதி மீறினால் ஆட்டத் தகுதியோடு நிற்காது, விசாவே போகும். எதுவும் செய்யாமல், பெயர் போட்ட ஜெர்சி விற்பனைக்கு வரும் உரிமத் தொகையை வாங்கலாம் என்று சில வக்கீல்கள் சொல்கிறார்கள். குடியேற்றத் துறை அதற்குத் தெளிவான வழிகாட்டுதல் எதுவும் வெளியிடவில்லை. கல்லூரி கொடுக்கும் பங்கு விஷயத்திலும் கல்லூரிக்குக் கல்லூரி நிலைப்பாடு வேறு. கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் ஷீப்வே 2022 ஆகஸ்டில் அணியோடு பஹாமாஸ் போனபோது, அங்கே வைத்தே விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார்.

எதிர்ப்பாட்டு:
நம்ம தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட்டுக்காக 2018லயும் 2022லயும் உயரம் தாண்டி என்சிஏஏ பட்டம் வாங்கினார். ரெண்டுக்கும் நடுவுலதான் சட்டம் மாறிச்சு. கூட ஆடற அமெரிக்கப் பிள்ளை எனர்ஜி டிரிங்க் பிடிச்சுக்கிட்டு ரீல் போடும், நம்ம பிள்ளை பட்டம் வாங்கினாலும் விசாவை நினைச்சுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

திநகர்டென்னிஸ்:
ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுக் கல்லூரிகள்) கல்லூரி ஒன்றும் கேட்டிருக்கிறது. அங்கே எப்படி? நம்ம ஸ்குவாஷ் வேலவன் செந்தில்குமார்கூட கொலம்பியாவில்தானே படித்தார்.

வக்கீல்குமாஸ்தா:
ஐவி லீகில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, குடும்ப வருமானம் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். ஹவுஸ் தீர்விலும் அவர்கள் சேரவில்லை, ஆகவே கல்லூரிப் பங்கு கிடையாது. வெளி விளம்பரம் உண்டு, ஆனால் எஃப்-1 சிக்கல் அங்கேயும் அப்படியே.

திநகர்டென்னிஸ்:
விடுமுறைக்குச் சென்னை வரும்போது இங்கே ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்கு விளம்பரம் செய்தால்?

வக்கீல்குமாஸ்தா:
வேலை இந்தியாவில், கொடுப்பவர் இந்தியாவில், பணம் இந்திய வங்கிக் கணக்கில் என்றால் விசா சிக்கல் பெரும்பாலும் எழாது. ரீலைச் சென்னையிலேயே எடுத்து, சென்னையிலிருந்தே பதிவேற்றிவிட வேண்டும். கல்லூரிக்குத் திரும்பிய பிறகு அங்கிருந்து போடக் கூடாது. கல்லூரி ஹவுஸ் தீர்வில் சேர்ந்தது என்றால், 600 டாலரைத் தொட்டாலே 'என்ஐஎல் கோ' பதிவு அப்போதும் உண்டு. அமெரிக்க வரிக் கணக்கிலும் காட்ட வேண்டுமா என்று வரிக்கணக்கு சாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் முன்னால், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் எழுத்தில் வந்த பிறகு கடைக்காரரிடம் சரி சொல்லச் சொல்லுங்கள்.